அடிபட்ட அலாய் வீல்: எதைத் தேய்த்துப் பூசலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த வாரத்தில் சென்னையில் எந்த பாடி ஷாப்புக்குள் நுழைந்தாலும் சுவரோரம் நாலைந்து அலாய் வீல்கள் சாய்ந்து நிற்கும். தண்ணீர் தேங்கிய பள்ளம் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. வண்டி விழுந்து ஏறியிருக்கும், "டங்"கென்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். வீட்டுக்குப் போய் இறங்கிப் பார்த்தால் ரிம் விளிம்பு நசுங்கியிருக்கும், இல்லையென்றால் டயரின் பக்கவாட்டில் முட்டை அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கும். வண்டிக்காரர் "இன்ஷூரன்ஸ்ல கிடைக்குமா சார்?" என்பார். பட்டறைக்காரர் "பெண்டு எடுத்து பெயின்ட் அடிச்சிடலாமே?" என்பார். சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் "ரிப்பேர் ஆகுமே, எதுக்குப் புதுசு?" என்பார்.

இந்த மூவருக்கும் நடுவில் கிளெய்ம் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் சர்வீஸ் அட்வைசர்கள், பட்டறைத் தம்பிகள், சர்வே பயிற்சியில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும்.

வீலில் விழும் அடி இரண்டு வகை. ஒன்று பார்வையைக் கெடுக்கும், இன்னொன்று பலத்தைக் கெடுக்கும். முதல் வகையைத் தேய்த்துப் பூசிப் புதிதுபோல ஆக்கலாம். இரண்டாவது வகையில் கை வைக்கக்கூடாது, வீலை மாற்ற வேண்டும். எவ்வளவு கிடைக்கும், யார் கட்டுவது என்ற பேச்செல்லாம் இது முடிவான பிறகுதான். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழானதால் வந்தவை. முதலில் தொகையைப் பேசி முடித்துவிட்டு, அந்தத் தொகைக்குள் அடங்கும்படி வேலையைச் சுருக்கிவிடுவார்கள்.

உலோகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கார்களில் வரும் அலாய் வீல்களில் பெரும்பாலானவை ஏ356 என்ற அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்டவை. அதில் சுமார் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் மக்னீசியம். வார்த்ததும் அந்த உலோகத்துக்கு வேண்டிய உறுதி வந்துவிடாது. சுமார் 540 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து, பிறகு 150 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் மறுபடி சில மணி நேரம் பதப்படுத்துவார்கள். இதற்கு டி6 என்று பெயர். வீலின் பலம் இந்த வேக்காட்டில்தான் இருக்கிறது.

அதனால்தான் கேஸ் டார்ச் வைத்துச் சூடேற்றிப் பெண்டு எடுப்பது ஆபத்து. இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும், அலுமினியம் காட்டாது. இந்தக் கலவை சுமார் 560 டிகிரியில் உருகத் தொடங்கும் வரைகூட நிறம் மாறாமல் இருக்கும். அதற்கு வெகு முன்பே, 200 டிகிரிக்கு மேல் ஏற ஏற, டி6 தந்த பலம் கரைய ஆரம்பித்துவிடும். வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. நிமிர்ந்த வீல் பளபளவென்று நிற்கும், உள்ளே அந்த இடம் மட்டும் தளர்ந்திருக்கும். ஆர்கான் வெல்டிங்கிலும் இதே கதைதான். வெல்டு பிடித்த கோடு உறுதியாக இருக்கலாம், ஆனால் அதைச் சுற்றியுள்ள பகுதி வெந்து பதம் இழந்துவிடும். அடுத்த விரிசல் பெரும்பாலும் வெல்டுக்குப் பக்கத்தில்தான் வரும்.

புது அலாய் வீலுக்கு நம் நாட்டில் ஐஎஸ் 16192 என்ற தரம் இருக்கிறது. வளைவு அயர்ச்சி, சுமை அயர்ச்சி (திரும்பத் திரும்ப விசை கொடுத்து உலோகம் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது), மோதல் என்று பல சோதனைகளில் வீல் தேற வேண்டும். உலக அளவில் பின்பற்றப்படும் மோதல் சோதனை எப்படியென்றால், டயர் மாட்டிய வீலை 13 டிகிரி சாய்த்து வைத்து, 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து அதன் விளிம்பின்மேல் எடையை விழவைப்பார்கள். அந்த எடை, வீல் தாங்கக்கூடிய அதிகபட்சச் சுமையில் 0.6 பங்கும் அதோடு 180 கிலோவும். 500 கிலோ சுமைக்கான வீல் என்றால் 480 கிலோ வந்து விழும். அதைத் தாங்கியதற்காகத்தான் அந்த முத்திரை. டார்ச் பட்ட பிறகு, வெல்டு வைத்த பிறகு, அதே முத்திரை அந்த வீலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. "ஐஎஸ்ஐ போட்டிருக்கே சார்" என்று யாராவது வாதாடினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

படி ஒன்று: கை வைக்கும் முன் படம்

வண்டி உள்ளே வந்ததும் எந்த போல்ட்டையும் கழற்றாதீர்கள். நம்பர் பிளேட்டும் அடிபட்ட வீலும் ஒரே சட்டகத்தில் வரும்படி ஒரு படம் எடுங்கள். பிறகு நாலு வீல்களையும் தனித்தனியாக எடுங்கள். மற்ற மூன்று எதற்கு என்று கேட்பார்கள். நாலிலும் ஓரக்கல் உரசிய பழைய தழும்பு இருந்தால், அடிபட்ட வீலில் எது பழையது, எது புதியது என்று பிரித்துக் காட்ட அந்தப் படங்கள்தான் உதவும். பழைய தழும்பின் பள்ளத்தில் அழுக்கும் பிரேக் தூசியும் அப்பியிருக்கும், உலோகம் மங்கி வெண்புள்ளி பூத்திருக்கும். புதுக் காயம் வெள்ளிபோல மின்னும்.

காயம் எந்த இடத்தில் என்று குறிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. காற்று வால்வை 12 மணியாக வைத்துக்கொண்டு கடிகார முள்போலச் சொல்வது. "5 மணி இடத்தில் உள்விளிம்பு நசுக்கம், 40 மி.மீ. நீளம்" என்று ஜாப் கார்டில் எழுதினால் சர்வேயர், பட்டறை, வண்டிக்காரர் மூவரும் ஒரே இடத்தைத்தான் பார்ப்பார்கள். வெறுமனே "வீல் டேமேஜ்" என்று எழுதிய கார்டுகளால் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

கிளெய்ம் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, சர்வே முடியும்வரை வேலையைத் தொடங்கக்கூடாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவைச் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் அவசரப்பட்டால் இந்தக் கணக்கைச் சொல்லிப் பொறுக்கச் சொல்லுங்கள்.

படி இரண்டு: டயரைக் கழற்றி வீலின் முதுகைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பள்ளத்தில் விழுந்த வீலின் முகம் பல நேரம் சுத்தமாக இருக்கும். அடி வாங்கியது முதுகு, அதாவது வண்டியின் உட்புறம் பார்த்திருக்கும் உள்விளிம்பு. ஸ்போக்குகள் வெளிப்பக்கத்தை ஒட்டி இருப்பதால் உள்விளிம்புக்கு அண்டக் கொடுக்க ஒன்றும் இல்லை. அது முதலில் நசுங்கும், அங்கிருந்துதான் விரிசலும் தொடங்கும். டயர் மாட்டிய வீலை முன்னால் நின்று பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல, லேசான கீறல்" என்று எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

டயரைக் கழற்றுங்கள். டயர் அழுத்த சென்சார் இருந்தால் அதையும் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். வீலை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். அமிலம் கலந்த கிளீனர் வேண்டாம், அது அலுமினியத்தை அரிக்கும். நல்ல வெளிச்சத்தில் நாலு இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். உள்விளிம்பு, டயர் உட்காரும் இருக்கை, ஸ்போக் ரிம்மோடு சேரும் கழுத்து, நட் உட்காரும் கூம்புக் குழிகள். கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் விரலுக்குத் தப்பாது.

பழைய ரிப்பேரின் தடயங்களையும் தேடுங்கள். உள்பக்கம் மட்டும் நிறம் மாறியிருப்பது, பெயின்டுக்கு அடியில் எமரி ஓடிய கோடுகள், கடைசல் வட்டத்தில் ஒரு இடம் மட்டும் மொழுமொழுவென்று இருப்பது ஆகியவை ஏற்கெனவே வெல்டு பார்த்த வீலின் அடையாளங்கள். பழைய வெல்டு இருந்தால் அதை உடனே சர்வேயரிடம் சொல்லுங்கள். மறைத்து வாங்கிய கிளெய்ம் பிறகு யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

படி மூன்று: அளவெடுங்கள்

கண் மதிப்பு போதாது. வீலை ஹப்பிலோ பேலன்சிங் மெஷினிலோ மாட்டி, டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) டயர் இருக்கையில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது, பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று இரண்டு அளவு வரும். அனுமதிக்கும் எல்லை மாடலுக்கு மாடல் மாறும். 0.3 மில்லிமீட்டரில் நிறுத்தும் கையேடும் உண்டு, அதற்கு மேல் விடும் கையேடும் உண்டு. அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, உங்கள் அளவுக்குப் பக்கத்தில் எழுதி, கேஜின் முகத்தையும் படம் எடுத்து வையுங்கள். சர்வேயரோடு நடக்கும் வாதத்தில் இதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. "எனக்கு வளைஞ்ச மாதிரி தெரியுது" என்றால் அவர் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. எல்லை 0.3, இங்கே 1.8 என்று காட்டினால் மறுக்க முடியாது.

கீறலின் ஆழத்தை வெர்னியரின் பின்முள்ளால் அளக்கலாம், டயர் பட்டன் ஆழம் அளக்கும் கேஜும் போதும். முகத்தில் உள்ள உரசலுக்கு நான் வைத்திருக்கும் எல்லை 1 மில்லிமீட்டர். அதுவும் வெளிவிளிம்பை ஒட்டி இருந்தால்தான். ஸ்போக்கின் கழுத்தில் அரை மில்லிமீட்டர் வெட்டு இருந்தாலும் நான் யோசிப்பேன், ஏனென்றால் சுமை ஓடும் பாதை அது.

படி நான்கு: விரிசல் சோதனை

விளிம்பு நசுங்கியிருந்தாலோ ஸ்போக்கில் வெட்டு இருந்தாலோ சாயம் ஊடுருவும் சோதனை செய்யுங்கள். மூன்று ஸ்பிரே டப்பாக்கள் போதும், செலவு பெரிதில்லை. அந்த இடத்தின் பெயின்டை நீக்கி, கிளீனரால் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து டப்பாவில் சொன்ன நேரம், பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம், ஊறவிடுங்கள். பிறகு துணியால் துடையுங்கள். கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். வீல் மேலேயே அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியாக வெள்ளை டெவலப்பரை லேசாகத் தூவினால், விரிசல் இருந்த இடத்தில் சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வரும். முதல்முறை பார்க்கும் தம்பிகள் அசந்துபோவார்கள். ஒரு மயிரிழைகூட இல்லாததுபோலத் தெரிந்த உலோகத்தில் இரண்டு அங்குலக் கோடு தெரியும்.

கோடு தெரிந்தால் அந்த வீலின் கதை முடிந்தது. அதைத் தைக்க வழி தேடாதீர்கள்.

படி ஐந்து: முடிவு

தேய்த்துப் பூசலாம் என்பது எப்போது? காயம் முகப்பில் மட்டும், ஆழம் 1 மில்லிமீட்டருக்குள், ஆட்டம் கையேட்டு எல்லைக்குள், விரிசல் இல்லை, பழைய வெல்டு இல்லை. ஐந்தும் சேர்ந்து இருக்க வேண்டும். பெயின்ட் உரிந்தது, கிளியர் கோட்டுக்குள் புழு ஊர்ந்ததுபோல அரிப்பு படர்ந்தது போன்றவையும் அழகுப் பழுதுதான். ஆனால் அரிப்பு காலப்போக்கில் வருவது, விபத்து இல்லை. அதை கிளெய்மில் நுழைக்காதீர்கள்.

விரிசல், உலோகம் பெயர்ந்து போனது, விளிம்பு வளைந்தது, டயர் இருக்கையிலோ நட் குழியிலோ சேதம் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

வளைவு விஷயத்தில் என்னோடு பலர் சண்டை பிடிப்பார்கள். ஹைட்ராலிக் ஜிக்கில் சூடேற்றாமல் நிமிர்த்தித் தரும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான வண்டிகள் அப்படி ஓடுகின்றன என்பார்கள். ஓடுகின்றன, உண்மைதான். ஆனால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்த அலுமினியத்தில் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று யாராலும் வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற வாகன நிறுவனங்கள், நிமிர்த்திய, வெல்டு வைத்த, உலோகம் சேர்த்த வீல்களை ஏற்பதில்லை என்று எழுத்திலேயே சொல்லியிருக்கின்றன. தன் பணத்தில், தெரிந்தே ஒருவர் நிமிர்த்திக்கொண்டால் அது அவர் பாடு. காப்பீட்டு பில்லில், பட்டறையின் முத்திரையோடு, "சரிசெய்யப்பட்டது" என்று எழுதித் தரும் வீலாக அது இருக்கக்கூடாது. அந்த வண்டியில் நாளை யார் குழந்தை உட்காரும் என்று நமக்குத் தெரியாது.

வீலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ரிம் வளையும் அளவுக்கு விழுந்த அடி லோயர் ஆர்ம், டை ராடு, வீல் பேரிங், ஷாக் அப்சார்பர் வழியாகத்தான் போயிருக்கும். அலைன்மென்ட் அளவு எடுத்து, கோணம் தவறியிருந்தால் அதையும் அதே கிளெய்மில் சேர்த்து எஸ்டிமேட் போடுங்கள். பில் முடிந்து ஒரு மாதம் கழித்து "ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குது" என்று வந்தால், அது வேறு விபத்து என்று சொல்லிவிடுவார்கள்.

படி ஆறு: தேய்த்துப் பூசும் முறை

முதலில் எச்சரிக்கை. டயர் மாட்டிய வீலை எக்காரணம் கொண்டும் சூடேற்றக்கூடாது. காற்று இறக்கியிருந்தாலும் சூட்டில் டயரின் உட்புறம் வெந்து வாயு உண்டாகி வெடிக்கும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. அலுமினியத் தூளும் தீப்பிடிக்கும். இரும்பு கிரைண்டிங்கின் பொறி பறக்கும் இடத்தில் அலாய் தேய்க்காதீர்கள், தூளைக் குவிய விடாதீர்கள்.

பழைய பெயின்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது அலுமினியத்தைத் தின்றுவிடும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று போட்ட பெயின்ட் ரிமூவரைப் பயன்படுத்துங்கள். கண்ணாடி மணியோ அலுமினியம் ஆக்சைடு மணலோ வைத்துக் குறைந்த அழுத்தத்தில் பிளாஸ்டிங்கும் செய்யலாம். இரும்புக் குருணை வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து, பின்னாளில் பெயின்டுக்கு அடியில் அரிப்பைத் தொடங்கி வைக்கும்.

உரசலை 120, 180, 320 என்று எமரியை மாற்றி மாற்றித் தேய்த்துச் சரிவாக்குங்கள். காயத்தின் ஓரத்தைப் படிப்படியாகக் கரைக்க வேண்டும், ஒரே இடத்தில் குழி தோண்டக்கூடாது. பட்டி போட்டே ஆக வேண்டுமென்றால் அலுமினியத் தூள் கலந்த எபாக்சி வகை, அதுவும் முகப்பில் நகத்தளவுக்கு மட்டும். சாதாரண பாடி பட்டி சூட்டிலும் அதிர்விலும் விட்டுப்போகும். தேய்த்து முடித்ததும் அதே நாளில் பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உடனுக்குடன் ஏறும், தாமதித்தால் பெயின்ட் பிடிக்காது.

பூச்சில் இரண்டு வழி. பாடி ஷாப்பில் ஏற்கெனவே இருக்கும் 2கே பெயின்டை (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடித்து பெயின்ட் பூத்தில் 60 டிகிரியில் காயவைப்பது ஒன்று. உலோகத்தின் பதத்தைத் தொடாத வழி இது, எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆனால் 2கே ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. துணி கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள், வெளிக்காற்று வரும் மாஸ்க் வேண்டும். அடுத்தது பவுடர் கோட்டிங். கல்லடிக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் வழக்கமான பவுடர் 180 முதல் 200 டிகிரியில் 10, 20 நிமிடம் வேக வேண்டும். ஒருமுறை, அளவோடு என்றால் பெரிய பாதிப்பில்லை. பிரைமர், நிறம், கிளியர் என்று மூன்று தடவை வேகவைத்து, சாப்பிடப் போய்விட்டு வந்து அடுப்பைத் திறக்கும் கடைகள் இருக்கின்றன. அந்தச் சூடெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கணக்கில் சேரும். வெளியில் கொடுத்து வாங்கும் வேலை என்றால், அடுப்பின் வெப்பமும் நேரமும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள்.

டயமண்ட் கட் வீலுக்கு வேறு கணக்கு. சிஎன்சி லேத்தில் முகப்பை மெல்லிய சீவலாகக் கடைந்து, மேலே கிளியர் அடிப்பார்கள். ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. ஏற்கெனவே ஒருமுறை கடைந்த வீலா என்று பாருங்கள். இரண்டாவது தடவை என்றால் நான் முழுப் பெயின்டுக்கு மாற்றச் சொல்வேன், மூன்றாவது தடவைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எந்தப் பூச்சானாலும் மூன்று இடங்களை டேப் ஒட்டி மறைத்தே தீர வேண்டும். ஹப்பில் ஒட்டும் பின்தளம், நட் உட்காரும் குழிகள், நடுத் துளை. பூச்சு மென்மையானது. நட் குழியில் பவுடர் இருந்தால் முறுக்கும்போது சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஓட ஓட அது நசுங்கி நட் தளர்ந்துவிடும். வீல் கழன்று ஓடும் விபத்துக்கு இது நேர்வழி. டயர் இருக்கையிலும் கனமாகப் பூசக்கூடாது, காற்று கசியும்.

படி ஏழு: மாட்டுவது

புது வால்வு போடுங்கள், டயரை ஏற்றுங்கள், சோப்புத் தண்ணீரில் கசிவு பாருங்கள், பேலன்சிங் செய்யுங்கள். முன்பு வேண்டியதைவிட எடை திடீரென்று கூடுதலாகக் கேட்டால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். நட்டுகளை நட்சத்திர வரிசையில் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள், ஏர் கன்னால் முடிக்காதீர்கள். எவ்வளவு என்பது அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் வரும். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வண்டிக்காரரைக் கூப்பிடுங்கள்.

இனி பணம்

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் சொந்த வீலுக்கு எதுவும் கிடைக்காது. ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பு, வேண்டும். கார் கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த அலாய் என்றால் வண்டியின் மதிப்பிலேயே அடக்கம். வாங்கிய பிறகு வெளியே மாட்டிய அலாய் என்றால், மின்சாரம் சாராத துணைப்பொருள் என்று மதிப்போடு பாலிசியில் எழுதி, அதற்கு பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கை விரித்துவிடுவார்கள். லட்ச ரூபாய்க்கு வீல் மாட்டிவிட்டு இதைச் செய்யாதவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

சாதாரண பாலிசியில் தேய்மானம் பிடிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஒரு வருடம் வரை 5 சதவீதம், இரண்டு வரை 10, மூன்று வரை 15, நாலு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50. டயருக்கு எந்த வயதிலும் 50. டயர் மட்டும் சேதமானால் சாதாரண பாலிசியில் கிடையாது, அதே விபத்தில் வண்டிக்கும் சேதம் இருக்க வேண்டும். பெயின்டிங்கில் பொருள் செலவுக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள். பில்லில் பொருளும் கூலியும் பிரிக்காமல் இருந்தால் மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருளாக எடுத்துக்கொள்வார்கள். இதற்கெல்லாம் மேல் கட்டாய எக்சஸ் (ஒவ்வொரு கிளெய்மிலும் வண்டிக்காரர் தன் கையிலிருந்து போட வேண்டிய தொகை), 1500 சிசி வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. ஜீரோ டெப் என்ற ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) இருந்தால் தேய்மானம் போகும், எக்சஸ் போகாது. டயர் அதற்குள் வருமா என்று ஆட்-ஆன் வாசகத்தைப் படித்துப் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு. மூன்றரை வயதான 1,197 சிசி கார், ஜீரோ டெப் இல்லை. வீல் ரூ.12,000, டயர் ரூ.6,000, கூலி ரூ.1,000. வீலில் 25 சதவீதம் கழித்தால் ரூ.9,000, டயரில் பாதி ரூ.3,000, கூலி ரூ.1,000. மொத்தம் ரூ.13,000. எக்சஸ் போக ரூ.12,000 கையில் வரும். நல்ல தொகைதான். இனி மறுபக்கத்தைப் பாருங்கள். அவருக்கு இப்போது நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி), அதாவது கிளெய்ம் செய்யாததற்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 35 சதவீதம். கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த வருடம் 45, பிறகு 50லேயே நிற்கும். செய்தால் 0, 20, 25, 35, 45 என்று அடியிலிருந்து ஏற வேண்டும். ஓன் டேமேஜ் பிரீமியம் வருடம் ரூ.8,000 என்றே வைத்துக்கொண்டால், ஐந்து வருடத்தில் இழப்பு 3,600, 2,400, 2,000, 1,200, 400, ஆக ரூ.9,600. வாங்கியது 12,000, விட்டது 9,600. இதே இடத்தில் ரூ.3,000 செலவாகும் அழகுப் பழுதுக்கு கிளெய்ம் போட்டால் நஷ்டம் நிச்சயம். என்சிபி பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால் கணக்கு மாறும். இதை வண்டிக்காரரிடம் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். பட்டறைக்கு ஒரு கிளெய்ம் வேலை குறையலாம், அந்த மனிதர் திரும்பவும் உங்களிடமே வருவார்.

இரண்டு வீல்களில் இரண்டு வேறு நாள் அடி என்றால் அது இரண்டு விபத்து, இரண்டு எக்சஸ். ஒன்றாகச் சேர்த்து எழுதச் சொல்லி வற்புறுத்துவார்கள். மறுத்துவிடுங்கள்.

சர்வேயர் ஒத்துக்கொள்ளாதபோது

குரலை உயர்த்த வேண்டாம். டயல் கேஜ் படம், கையேட்டுப் பக்கம், சிவப்புக் கோட்டின் படம், இவற்றோடு "இந்த வீலைச் சரிசெய்து தர எங்களால் உத்தரவாதம் அளிக்க இயலாது" என்று பட்டறையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். முடியவில்லை என்றால் வண்டிக்காரர் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

கழித்த வீலை என்ன செய்வது

ஒருமுறை உள்விளிம்பில் விரிசல் கண்டு ஒரு வீலைக் கழித்தோம். முதுகில் என் வழக்கப்படி பஞ்ச் வைத்து மூன்று புள்ளி குத்தியிருந்தேன். அது சால்வேஜில், அதாவது கழித்த பொருள் விற்பனையில், எடைக்குப் போனது. அடுத்த வருடம் பழைய கார் ஒன்று டயர் மாற்ற வந்தது. டயரைக் கழற்றிய பையன் கூப்பிட்டுக் காட்டினான். புதுக் கருப்பு பவுடர் கோட்டிங், அதற்கு அடியில் என் மூன்று புள்ளி, அவற்றுக்கு ஒரு விரல் தள்ளி ஒரு வெல்டு மேடு. வண்டிக்காரர் பழைய சந்தையில் நல்ல வீல் என்று நம்பி வாங்கியிருக்கிறார். அந்த வீலில் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய் வந்ததாகச் சொன்னார்.

அன்றிலிருந்து, கம்பெனியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கழித்த வீல் எதுவானாலும் விளிம்பை இரண்டு இடத்தில் கட்டிங் டிஸ்க்கால் குறுக்கே அறுத்து, அறுத்த படத்தை ஃபைலில் சேர்த்த பிறகுதான் வெளியே விடுகிறேன். எடைக்கு எடுப்பவருக்கு அலுமினியம் அலுமினியம்தான், விலை குறைவதில்லை. இரண்டு நிமிட வேலை.